துவரங்காய் உரித்த வழக்கு

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். வீரர்தான், கொடையாளிதான். ஆனால் சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம்! பல்லக்குத் தூக்குகிறவன் தும்மினால்கூட, "எவனுக்கடா சைகை காட்டுகிறாய்?" என்பார். சமையல்காரன் தின்று காட்டி, அவன் பெண்டாட்டி தின்று காட்டி, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் இருவரையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். சின்னப்பிள்ளை இளவரசன் திருமாறனுக்கும் அதே கதிதான். பாவம், அந்தப் பிள்ளை சுடச்சுடச் சாப்பிட்டதே கிடையாது.

ஒருநாள் ராஜா வயல்பக்கம் குதிரையில் போனார். ஒரு சிறுமி கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். ராஜாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "இவள் அப்பன் எங்கே? பிள்ளையை ஏவிவிட்டு மரத்தடியில் குறட்டை விடுகிறானோ?"

கூடவே வந்தவர் பூபாலராயர், அரண்மனைப் பண்ணைகளுக்கு அதிகாரி. மந்திரி சாத்தப்பரின் செல்வாக்கைப் பார்த்து வயிறெரிகிற ஆசாமி. இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா?

"குடியானவர்களே இப்படித்தான் மகாராஜா! பெற்ற பிள்ளையைக் கசக்கிப் பிழிகிறார்கள். வயல்வேலை செய்யும் பிள்ளையை அரண்மனை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு சட்டம் போடுங்கள். என் பொறுப்பில் விடுங்கள். ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவிடாமல் வளர்க்கிறேன். மந்திரி மட்டும் வேண்டாம் என்பார், பாருங்களேன். அவருக்கும் நிலம் இருக்கிறதல்லவா?"

மந்திரி வேண்டாம் என்றுதான் சொன்னார். போதாதா? 'ஓகோ, இவருக்கும் இதில் பங்கு இருக்கிறது' என்று ராஜா அன்றைக்கே அந்தச் சட்டத்துக்கு முத்திரை குத்திவிட்டார்.

அடுத்த மாசம் அரசவை வாசலில் ஒரே கூக்குரல். அந்தக் கன்றுக்குட்டிச் சிறுமி செவந்தியை ஒரு சேவகன் ஒரு கையைப் பிடித்து இழுக்க, தாய் வீராயி மறு கையை விடாமல் நின்றாள். பின்னாலேயே அவள் தெருச்சனம் தங்கள் பிள்ளைகளோடு திரண்டு வந்திருந்தது.

"சாமி, எம்பொண்ணு கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டுனா. அதுக்காகப் புள்ளையவே பறிப்பாகளா? இவ இல்லாம எனக்குச் சோறு எறங்குமா?"

ராஜா அவளை ஏற இறங்கப் பார்த்தார். 'அழுகையில் ஏதோ தயாரிப்பு இருக்கிறதே.' ராயரைப் பார்த்தார். 'இவன் குரலில் ஏன் இவ்வளவு தேன் வடிகிறது?' மந்திரியைப் பார்த்தார். 'இவர் ஏன் சிரிக்கிறார்?' யாரை நம்புவது என்று தெரியாமல் மீசையைப் பிய்த்துக்கொண்டார்.

"மகாராஜா, ராயர் ஏற்கெனவே கொண்டுபோய் வளர்க்கும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாமே" என்றார் மந்திரி.

அதற்கென்ன என்று ராயர் உடனே ஆளனுப்பினார். பட்டுச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை என்று பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். "வேலை என்றால் என்னவென்றே இவர்களுக்குத் தெரியாது மகாராஜா!"

"கேட்டால் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்வார்கள்?" என்றார் ராஜா.

"அதனால் நாம் எதுவுமே கேட்க வேண்டாம்" என்ற மந்திரி, பச்சைத் துவரங்காயைக் கூடை கூடையாகத் தரையில் கொட்டச் சொன்னார். "பிள்ளைகளா, சமையல்கட்டுக்கு வேணும். உரித்துக் கொடுங்கப்பா!"

ராயர் ராஜாவின் காதில் கிசுகிசுத்தார். "குடியானவப் பிள்ளைகள் மளமளவென்று உரிக்கும், பாருங்கள். பழகின கை!"

தெருப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். உரித்ததில் பாதி வாய்க்குப் போயிற்று. தோலை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். செவந்தி நல்ல இனிப்பான காயாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, ஒரு கை நிறையப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்த இளவரசனும் மெல்ல நழுவி அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தான்.

ராயர் வளர்க்கும் பிள்ளைகளோ வாயே திறக்கவில்லை. விரல் மட்டும் ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் பயறு குவியலாகிவிட்டது.

"ஆகா, என்ன ஒழுக்கம்!" என்று ராஜா வியந்தார். ராயர் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஒழுக்கம் இருக்கட்டும் மகாராஜா. வேலையே தெரியாத கைக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது?" என்றார் மந்திரி. "பச்சைத் துவரையை உரிக்கிற பிள்ளை வாயில் போடாமல் இருக்குமா? அதுகள் ஒன்றைக்கூடத் தொடவில்லையே!"

வீராயிக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய் ஒரு பொடியனிடம் நாலு பயறை நீட்டி, "தின்னுய்யா ராசா" என்றாள். அவன் ராயர் முகத்தைப் பார்த்தான். வெடுக்கென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "தின்னா அடிப்பாக" என்றான்.

ராஜா எழுந்துபோய் அந்தக் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. "ராயரய்யா வயல்ல கதிரறுத்தது" என்றான் பொடியன்.

"அடப் பாவி! என் முத்திரையை வைத்தே பிள்ளை பிடித்திருக்கிறாயே!" ராஜா கர்ஜித்தார். "உன் பதவி போச்சு. மிச்சக் கூடையெல்லாம் நீ உட்கார்ந்து உரி. ஒரு பயறு உன் வாய்க்குப் போகக் கூடாது. பிள்ளைகள் இப்போதே அவரவர் வீட்டுக்குப் போகட்டும்!"

வீராயி மகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயசா அது? அவள் இறக்கவே இல்லை.

"அப்படியானால் சட்டமே வேண்டாமா சாத்தப்பரே?"

"வேணும் மகாராஜா. பிள்ளை வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தோம். 'போதும்' என்று போட்டுவிட்டு விளையாட ஓட முடிகிறதா என்று பார்க்கணும்."

"அப்படியே எழுதுங்கள்" என்ற ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். வீராயி பக்கம் திரும்பி, "இந்தச் சட்டம் உனக்கும் சேர்த்துத்தான் அம்மா. கன்றுக்குத் தண்ணி காட்டட்டும். ஏற்றம் இறைக்க விட்டால் நானே வருவேன்" என்றார்.

அப்போதுதான் அவர் கண் இளவரசன்மேல் விழுந்தது. மடி நிறைய உரித்த பயறு. வாயில் ஒன்றும் இல்லை. பிள்ளை அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜா அவனிடம் போய்க் குனிந்தார். "நீ ஏன்டா கண்ணு தின்னவில்லை? யார் அடிப்பார்கள்?"

"இன்னும் யாரும் தின்னு பார்க்கலையே அப்பா" என்றான் பிள்ளை.

 ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். மகன் மடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். சமையல்காரன் பதறி ஓடிவர, கையால் தடுத்துவிட்டு வாயில் போட்டு மென்றார். "இனிக்குதுடா" என்றார்.

இளவரசனும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.