பின்னங்கால் உமேஸோ

இறைவிக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடிக்க நாம் என்ன பாடுபடுகிறோம்! சிபாரிசு தேடுகிறோம், வரிசையில் முண்டியடிக்கிறோம். கடைசி ஆளாக இருந்த ஒரே காரணத்தால் அந்த இடத்தைப் பெற்றவர் ஒருவர் ஜப்பான் தேசத்தில் வாழ்ந்தார். பெயர் உமேஸோ. தொழில், குதிரைக்குப் பின்னங்கால்.

எடோ நகரத்தில் அக்காலத்தில் கபுகி என்னும் கூத்து பகல் முழுவதும் நடக்கும். அதில் படைத்தலைவர்கள் குதிரையேறி வரும் காட்சிகள் உண்டு. நிஜக் குதிரை மேடையில் என்ன செய்யுமோ என்ற பயத்தில், மூங்கிலால் கூடு கட்டித் துணி போர்த்தி, உள்ளே இரண்டு பேரை நிறுத்துவார்கள். முன்னங்காலாக நிற்பவருக்குக் கழுத்துப் பக்கம் ஓட்டை உண்டு. அவருக்கு வழி தெரியும். பின்னங்காலாக நிற்பவர் குனிந்து, முன்னவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டும். மேலே உட்காரும் நடிகரின் கனமும் பெரும்பாலும் அவர் முதுகில்தான் இறங்கும். உமேஸோ முப்பத்தொரு வருடம் அப்படி நடந்தார். அவர் முகத்தை ஒரு ரசிகரும் பார்த்ததில்லை.

அவருடைய கொட்டகையில் பெரிய நடிகர்களுக்கு மாடியில் தனித்தனி அறைகள் இருந்தன. கடைநிலை நடிகர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கீழே ஒரே அறை. இனாரி தேவியின் சிறு சந்நிதி அந்த அறையை ஒட்டித்தான் இருந்தது. இனாரி நெல்லுக்கு உரியவள். நரிகளை ஏவலர்களாகக் கொண்டவள். மாடிக்காரர்கள் போகிற போக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியேறிவிடுவார்கள். உமேஸோவோ விடிந்ததும் முதல் ஆளாக வந்து, சந்நிதியைத் துடைத்து, தண்ணீர் மாற்றி, சோயாவில் செய்யும் டோஃபுவைப் பொரித்து ஒரு துண்டு படைப்பார். அது அவருடைய காலை உணவில் பாதி. "வயிறு நிறைஞ்சா குனிய முடியாது. அம்மா என் சிரமத்தைக் குறைக்கிறா" என்பார்.

நாற்பதாவது வயதில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தூதுவன் வேடம், இரண்டு வரி வசனம், மாடி அறையில் ஒரு மூலை. மற்றவர்கள் இதற்காகக் காலில் விழவும் தயாராக இருந்தார்கள். உமேஸோ ஒருநாள் அவகாசம் கேட்டு, மறுநாள் வேண்டாம் என்று வணங்கிச் சொல்லிவிட்டார். "குதிரைக்குள்ளயே இருந்து இவனுக்குப் புத்தியும் குதிரைப் புத்தி ஆயிடுச்சு" என்று கீழறையே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவர் மனைவி ஓகினு அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊருல பொம்பளைங்க எல்லாம் நடிகருங்க மூஞ்சியப் பாக்கக் கொட்டகைக்குப் போறாங்க. நான் ஒருத்திதான் முழங்காலப் பாக்கப் போறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார். பிறகு, "ஆனா நல்ல முழங்கால்" என்றும் சேர்த்துக்கொள்வார். கொடுத்துவைத்த தம்பதி!

அந்த நல்ல முழங்காலுக்கும் வயதானது. உமேஸோவுக்கு ஐம்பத்தொன்பது நடந்தபோது, தலைமை நடிகர் ஹனகாவா முழுக் கவசத்தோடு குதிரையேறி, ரசிகர்களுக்கு நடுவே செல்லும் மரப்பாதையில் வந்துகொண்டிருந்தார். திடீரென்று பின்னங்கால்கள் நடுங்கின. எதிரியின் மேல் பாய வேண்டிய படைத்தலைவர் குதிரையின் காதைப் பிடித்துத் தொங்கினார். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது.

ஹனகாவா கெட்டவர் அல்லர். மானம் போன மனிதர். காட்சி முடிந்ததும் உமேஸோவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒருநாள் பாக்கிறேன். மறுபடியும் கால் ஆடுச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்கோ. உங்க ரெண்டு பேரு சோத்துக்கும் நான் பொறுப்பு."

சோற்றைப் பற்றி உமேஸோ கவலைப்பட்டதே இல்லை. ஆனால் கொட்டகையில் வேலை இல்லாதவர் மேடைக்குப் பின்னாலுள்ள அறைகளில் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வேலை போனால் அன்னையின் சந்நிதியும் போயிற்று.

மறுநாள் இனாரியின் விழா நாள். நாள்களை விலங்குகளின் பெயரால் எண்ணும் அந்நாட்டார், இளவேனில் தொடங்கி முதலில் வரும் குதிரை நாளை அவளுக்கு உரியதாகக் கொண்டாடுவார்கள். உமேஸோ வழக்கம்போல் விடியலில் வந்து எல்லாம் முடித்துக் கைகூப்பினார்.

"அம்மா, காலுக்குப் பலம் கேக்க வரல. போன்னு சொன்னா போயிடறேன். எனக்கப்புறம் உனக்குத் தண்ணி மாத்த ஒரு நல்ல ஆளா பாத்து வெச்சுக்கோ. இவனுங்க மறந்துடுவானுங்க."

காலையிலிருந்தே கொட்டகை முழுக்கச் சிவப்புக் கொடிகளும் அரிசி மதுவுமாக இருந்தது. முன்னங்காலாக நடிக்கும் ஜின்பச்சி தங்கமான பையன்தான். மதுவைக் கண்டால் மட்டும் தங்கம் உருகிவிடும். முரசு ஒலித்தபோது உமேஸோ குதிரைக்குள் தனியாகக் குனிந்து நின்றார். "ஜின்பச்சி! எங்கடா இருக்கே?" என்று கிசுகிசுத்தார். இரண்டாம் முரசும் ஒலித்தது. அந்த நேரத்தில் முன்பக்கம் யாரோ குனிந்து நுழைவது தெரிந்தது. அப்பாடா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஹனகாவா ஏறி அமர, குதிரை புறப்பட்டது.

முதல் அடியே தப்பு! ஜின்பச்சி எப்போதும் வலக்காலைத்தான் முதலில் எடுப்பான். இன்று இடக்கால் போனது.

"டேய், வலது கால்டா! விடிஞ்சதுமே ஏத்திட்டியா?"

கால் உடனே பணிவாக மாறியது. மரப்பாதையின் பாதி தூரத்தில் உமேஸோவின் முழங்கால்கள் ஆடத் தொடங்கின. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார். முன்னங்கால்கள் ஒரு நொடி நின்றன. அவர் முதுகிலிருந்த கனம் முழுவதும் முன்னால் நகர்ந்தது. கவசம் பூண்ட ஆள் மேலே இருந்தும் முதுகில் ஒன்றுமே இல்லை. உமேஸோ பதறிப்போய் அந்த இடுப்பை நறுக்கென்று கிள்ளினார்.

"பாரத்த நீயே இழுத்துக்காதடா, விழுந்துடுவே! எனக்கும் கொஞ்சம் விடு!"

குதிரை விழவில்லை. துள்ளியது, திரும்பியது, தலையை ஆட்டி நின்றது. ரசிகர்கள் போட்ட ஆரவாரத்தில் கூரையே அதிர்ந்தது.

காட்சி முடிந்து உமேஸோ வெளியே வந்தபோது முன்னால் யாரும் இல்லை. ஹனகாவா வியர்வையைக்கூடத் துடைக்காமல் இறங்கி வந்தார். "ஜின்பச்சிய கூப்பிடு. இப்படி ஒரு குதிரை மேல நான் உக்காந்ததே இல்ல" என்றார்.

தேடினார்கள். உடைகள் வைக்கும் அறையில், குறட்டை விட்டபடி கிடந்தான் ஜின்பச்சி. எழுப்பியதும் உமேஸோவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே! கண்ணசந்துட்டேன். காட்சி ஆரம்பிச்சிடுச்சா?"

அவன் தலைக்கடியில் சுருட்டி வைத்திருந்த துணியை ஹனகாவா எடுத்து உதறினார். குதிரையின் முன்னங்காலுக்கு அணியும் உடை. கொட்டகையில் இருந்தது அந்த ஒன்றுதான். அப்படியானால், சற்றுமுன் ஆயிரம் பேர் பார்த்த அந்தக் கால்கள் எவருடையவை?

உமேஸோவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "ஐயோ, கிள்ளிட்டேனே! டேய்னு கூப்பிட்டேனே!" என்று அலறியபடி சந்நிதிக்கு ஓடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வலிச்சுதாம்மா? ஏம்மா சொல்லல?" என்று பிள்ளையைப் போலத் தேம்பினார்.

பின்னாலேயே வந்த ஹனகாவா, கீழறைப் பாயில் ஒருநாளும் உட்காராதவர், கவசத்தோடு அவருக்குப் பின்னே மண்டியிட்டார்.

"ஐயா, நீங்க எங்கயும் போக வேண்டாம். குதிரைக்கு வேற ஆள் பாத்துக்கலாம். இந்த இடம் உங்களோடது. நீங்க கும்பிட்டு முடிங்க, உங்களுக்குப் பின்னால நான் கும்பிட்டுக்கறேன்."

இனாரி அன்னையின் முகத்தைத் தரிசித்த அடியார்கள் எத்தனையோ பேர். இருட்டில் அவள் இடுப்பைப் பற்றிக்கொண்டு, அதட்டி, அவள் பின்னே நடந்தவர் உமேஸோ ஒருவரே. அந்தக் கைகளை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.