சூடத்தை அணைத்த கை

நெருஞ்சிக்கோட்டை ராசா தன் தாமரைக்குளம் வற்றக்கூடாதென்று ஊர்க் கண்மாயின் மடையை அடைத்துவிட்டார். பயிர் கருகிப்போன சனங்கள் தண்ணீர் கேட்டுக் கோட்டை வாசலில் கூடினார்கள். ராசாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“கூட்டத்தைப் பார்த்துச் சுடுடா,” என்றார் பீரங்கிக்காரன் ஒச்சானிடம்.

ஒச்சான் எரியும் தீப்பந்தத்தைக் கையில் எடுத்தான். பீரங்கியை நிதானமாக ராசா பக்கம் திருப்பினான்.

“என்னடா செய்யிறே?”

“ஆயுதபூசையன்னிக்குச் சூடத்தை அணைக்க வச்சுச் சத்தியம் வாங்கினீங்களே மகாராசா, நம்ம சனத்தைக் கொல்ல வர்றவன் எவனா இருந்தாலும் சுடணும்னு.”

ராசா தளபதியைப் பார்த்தார். அதே சூடத்தை அணைத்திருந்த தளபதி, நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

“சுடவா சொன்னேன்? மடையைத் திறக்கத்தானேடா சொன்னேன்,” என்றார் ராசா.

“எங்க காதுலயும் அப்படித்தான் விழுந்துச்சு,” என்றான் ஒச்சான். வயலில் தண்ணீர் பாயும்வரை பந்தத்தை மட்டும் அவன் அணைக்கவில்லை.