முரசு கேட்கும் எல்லை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதுகிறார்களோ, அவர் சொல்வதே சரியென்று அவருக்குப் படும். அரண்மனை முரசின் மேல் அவருக்கு அப்படியொரு பெருமை. அதன் ஒலி ஆற்றங்கரை வரை கேட்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

அந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டு, மருத்துவசாலைத் தலைவர் பிரமநாயகப் பண்டிதர் ஒரு சட்டம் வாங்கினார். மருத்துவசாலையில் சேரும் வைத்தியர் முரசின் முன் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு வேலையை விட்டால், முரசொலி கேட்கும் எல்லைக்குள் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. ராஜா உச்சி குளிர்ந்துபோய் முத்திரை வைத்தார். நோயாளிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களைக் கேட்டுச் சட்டம் போட்ட ராஜா யார்?

அங்கே தாணுமூர்த்தி என்றொரு வைத்தியர் இருந்தார். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர். வந்தவர்களெல்லாம் அவரையே தேட, பண்டிதருக்கு வயிறு எரிந்தது. ஏழைகளை வெயிலில் காக்க வைத்துவிட்டுப் பெரிய மனிதர்களை முதலில் பார்க்கச் சொன்னார். தாணுமூர்த்தி முடியாது என்று வேலையை விட்டார். பண்டிதர் சத்தியத்தை நினைவூட்டி அன்றைக்கே அவரை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்.

பாதி வைத்தியத்தில் நின்றவர்கள் பலர். அவர்களில் ஒருவன் முரசடிக்கும் வீரணன். படியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டவன். தாணுமூர்த்தி மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். கட்டை அவிழ்த்து, எண்ணெய் நீவி, மறுபடி கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் கை விறைத்து மரக்கட்டையாகிவிடும்.

பண்டிதர் தாமே பார்ப்பதாக வந்து கட்டின் மேல் கை வைத்தார். வீரணன் போட்ட அலறலில் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தம் மேலேயே கொட்டிக்கொண்டார். எலும்பை எப்படிச் சேர்த்தது என்பது கட்டியவருக்குத்தானே தெரியும்? வீரணனை வண்டியில் ஏற்றி ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோகலாம் என்றால், மேடு பள்ளத்தில் குலுங்கி, சேர்ந்த எலும்பும் விலகிவிடும்.

முரசும் ஊமையாகிக் கிடந்தது. வீரணன் குடும்பத்தார் அல்லாமல் வேறு யார் அடித்தாலும் ராஜாவின் உயிருக்கு ஆகாது என்பது அரண்மனையின் பரம்பரை வழக்கம். அந்தக் குடும்பத்தின் அடுத்த ஆளோ தொட்டிலில் கிடந்தான். முரசு எழுப்பாததால் ராஜா வெயில் ஏறிய பிறகு எழுந்து, எரிச்சலோடு சபைக்கு வந்தார்.

சபையில் அங்கமுத்து என்றொரு விகடகவி உண்டு. தாணுமூர்த்தியை அழைத்தால் தீர்ந்தது என்று அவன் சொன்னான். பண்டிதர் இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார்.

"சத்தியமும் உடையக் கூடாது, வீரணன் கையும் தேற வேண்டும். அங்கமுத்து அதைச் செய்து காட்டட்டும், மகாராஜா. முடியாவிட்டால் இந்தச் சபையில் அவனுக்கு என்ன வேலை?"

ராஜாவுக்கு அது சரியென்று பட்டது. அப்படியே உத்தரவிட்டார்.

மறுநாள் அங்கமுத்து தலைவாசல் வழியாகவே தாணுமூர்த்தியைச் சபைக்குள் அழைத்து வந்தான். பின்னால் வீரணன் கையைத் தாங்கிக்கொண்டு வந்தான். சபை நடுவிலேயே பாயை விரித்து, தாணுமூர்த்தி கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். பண்டிதர் பதறிப்போய், எல்லைக்குள் வைத்தியம் நடக்கிறது, சத்தியம் போயிற்று என்று கூவினார்.

அங்கமுத்து நிதானமாகக் கேட்டான்: "எது எல்லை, பண்டிதரே?"

"முரசொலி கேட்கும் இடமெல்லாம் எல்லை."

"மகாராஜா, சற்றே செவிகொடுத்துக் கேட்டருள வேண்டும். முரசொலி கேட்கிறதா?"

சபையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. உத்தரத்தில் ஒரு புறா குமுறியது, அவ்வளவுதான்.

"இங்கே கேட்கவில்லை. அப்படியென்றால் இந்தச் சிம்மாசனமே எல்லைக்கு வெளியில்தான் இருக்கிறது," என்றான் அங்கமுத்து.

பண்டிதருக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. இதோ கேட்க வைக்கிறேன் என்று முரசு மண்டபத்துக்கு ஓடிக் கோலைத் தூக்கிவிட்டார். ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தே வந்துவிட்டார். "யோவ் பண்டிதரே, என்னைக் கொல்லப் பார்க்கிறீரா? கோலைக் கீழே வையும்!" கோல் பண்டிதரின் கைநழுவிக் காலில் விழுந்தது. அதற்குள் தாணுமூர்த்தி எண்ணெய் நீவிப் புதுக் கட்டும் போட்டு முடித்திருந்தார்.

முரசு பேசாத அந்த நாள்களில் தாணுமூர்த்தி ஊருக்குள்ளேயே தங்கி, பாதியில் நின்ற எல்லோரையும் பார்த்தார். ஒருநாள் வீரணன் கையை மடக்கினான், நீட்டினான், குழந்தையைத் தூக்கினான். மறுநாள் காலையில், முரசொலி கேட்க ராஜா ஆசையாக முரசு மண்டபத்தில் வந்து நின்றார்.

வீரணன் கோலை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. கண் கலங்கிவிட்டது.

"சாமி, நான் ஒரு அடி அடிச்சா வைத்தியரு ஆத்துக்கு அந்தாண்ட போயிரணும். அவரு சேத்து வச்ச கையாலயே அவர வெரட்டச் சொல்றீகளே, மனசு வரல."

ராஜா, சட்டத்துக்கு முத்திரை வைத்த கையைத் தாமே பார்த்துக்கொண்டார். பிறகு அங்கமுத்துவைப் பார்த்தார்.

"நம் நாட்டில் ராஜ உத்தரவு எதுவானாலும் முரசறைந்துதான் சொல்வது வழக்கம்," என்றான் அவன். "முதல் அடியிலேயே புது உத்தரவு போகட்டும், மகாராஜா. வைத்தியர் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கட்டும். அவரை நம்பி வந்தவர்கள் நடுவில் நிற்க வேண்டாம்."

"அடி, வீரணா," என்றார் ராஜா.

வீரணன் அடித்தான். ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பண்டிதர் மட்டும் காதைப் பொத்திக்கொண்டார்.

என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார். அங்கமுத்து கைகட்டிச் சொன்னான்: "ஆற்றுக்கு அப்பால் தாணுமூர்த்தி காலி செய்த வீடு ஒன்று சும்மா கிடக்கிறது. அதைத் தந்தருள வேண்டும். இத்தனை நாளாக முரசு எழுப்பாமல் நன்றாகத் தூங்கிப் பழகிவிட்டேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டோடு ஒரு பட்டுச் சால்வையும் கொடுத்தார். சபைக்குத் தாமதமாக வரும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார்.