பத்துப் பைசா செலவில்லாத படை

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. எங்க கிட்டுசாமி அண்ணனுக்கு அந்தச் சங்கடமே கெடையாது.

பீளமேட்டுல ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல எங்க போர் விளையாட்டுச் சங்கம். கட்டைவிரல் உசரப் பொம்மைச் சிப்பாய்ங்களுக்கு நாங்களே பெயிண்ட் அடிச்சு, மேசையில மலை, காடு, புல்தரையெல்லாம் செஞ்சு, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவோம். சட்டம் ஒண்ணுதான்: கொறஞ்சது மூணு நிறம் அடிக்காத சிப்பாய் மேசை ஏறக் கூடாது. அன்னைக்கு ஜெயிக்கறவங்களுக்கு பெங்களூர் போட்டியில இடம். அண்ணன் ஆறு மாசமா அதுக்கு ஏங்கிக் கெடந்தாரு. எதிர்ல ஜெனோவா அக்கா நாப்பது சிப்பாயை வரிசையா நிறுத்திட்டாங்க. அண்ணன் கையில மூடின ஷூ பெட்டி.

"பெட்டியைத் தொறங்கண்ணா," ன்னாங்க அக்கா.

"இருங்கக்கா. காசு குடுத்து வாங்கறதெல்லாம் ஒரு படைங்களா? நம்முளுது பத்துப் பைசா செலவில்லீங்க. நெட்டுல சும்மா கெடச்ச படத்தை அட்டையில பிரிண்டு எடுத்து, வெட்டி ஒட்டினேன். டீக்கடையில கொட்டற தூளைக் காய வெச்சுப் பசை மேல தூவினா, அதானுங்க மண்ணு. அத்தனை அசலு. காலையில எந்திரிச்சுப் பாத்தா நெலக்கடலை மொளச்சிருக்கு."

"டீத்தூள்லயா?"

"மூணு மூட்டைங்க. இவனைக் கேளுங்க," ன்னு என்னையக் கைகாட்டினாரு. நான் மேல சுத்தற ஃபேனைப் பாத்துக்கிட்டேன்.

"அப்புறம் மலை. டிவி பெட்டியில வர்ற தெர்மாகோலுங்க. அதுமேல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சேன்."

இந்தத் தப்பை ஒரு தடவையாவது செய்யாத ஆளு எங்க சங்கத்துல இல்லை. ஸ்ப்ரே பட்டா தெர்மாகோல் உருகிப் போயிரும்.

"கரைஞ்சிருக்குமே," ன்னாங்க அக்கா.

"கரைஞ்சுதுங்க. மலை கரைஞ்சு, மேசை கரைஞ்சு, தரை கரைஞ்சு, ஆயிரத்து எரநூறு அடி கீழ போயிருச்சு. தண்ணி பீச்சி அடிக்குது. எங்க வீதியே இப்ப அதுலதான் குளிக்குது. போர்வெல் போடற லாரிக்காரன் வந்து, அந்த ஸ்ப்ரே டப்பாவைக் குடுங்க சாமின்னு கால்ல விழுந்துட்டான்."

"உங்க வீதிக்கு நேத்துத் தண்ணி லாரி வந்துச்சேண்ணா."

"அது ரொப்பிக்கிட்டுப் போக வந்ததுங்க."

அக்கா கடியாரத்தைப் பாத்தாங்க. அண்ணன் நிறுத்தலை.

"பிரஷ்ஷைப் போயி வெலைக்கு வாங்கறீங்க. கொசு மீசை ஒண்ணைப் பல்குச்சி நுனியில கட்டி, தளபதிக்குக் கண்ணு எழுதினேன். எழுதி முடிச்சதும் சிமிட்டறான். 'அண்ணா, எடது கண்ணு கொஞ்சம் மேல ஏறிப் போச்சு'ங்கறான். மனசு கேக்குமா? கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போடச் சொல்லியிருக்காருங்க."

"மணியாச்சுண்ணா. மூணு நிறம் அடிச்சீங்களா, இல்லையா?"

அண்ணன் மொகம் லேசா வாடிப் போச்சு. என்ன புளுகினாலும் பெங்களூர் ஆசை மட்டும் நெசம். எனக்கே பாவமா இருந்துச்சு. மெதுவாப் பெட்டியைத் தொறந்து மேசை மேல கவுத்தாரு. ஒண்ணும் விழலை.

"அடிச்சேனுங்க. புல்லுப் பச்சை, எலைப் பச்சை, பாசிப் பச்சை. பதுங்கறதுக்குன்னே அடிச்சது. இதா, உங்க புல்தரையில முன்னூறு பேர் நிக்கறாங்க பாருங்க. அடிச்ச எனக்கே கண்ணுக்குத் தெரியலீங்க."

எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். அக்காவும் பாத்தாங்க. அப்புறம் அவங்க சோத்துத் தூக்குப்போசியை எடுத்து, அந்தப் புல்தரை நடுவுல வெச்சாங்க.

"முன்னூறு பேரும் நசுங்கிட்டாங்கண்ணா. பெங்களூருக்கு நான் போறேன்."