முதல் சிலிண்டரின் உச்சி

இதை எனக்கு முதலில் சொன்னவர் டாக்சி ஓட்டிய தாசையன். பின்னாளில் என்னையும் சேர்த்து எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஐவரை நாள்தோறும் ஏற்றிச் சென்றவர். பெட்ரோல் மணமும் சுண்ணக்கட்டித் தூளும் கலந்த அந்தப் பின்னிருக்கையில் எத்தனை முறை இதைக் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் தம்மைத் தாமே கேலி செய்துகொண்டுதான் தொடங்குவார்.

"ஆசானே, சக்கரத்துக் குறி கோட்டுக்கு நேராத்தான் நிக்குது. பின்ன ஏன் வண்டி கிளம்பல்ல?"

கேட்ட தாசையனுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. பட்டறை ஆசான் ஏசுவடியானுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

தாசையன் தாமே எஞ்சினைப் பிரித்து, தாமே பூட்டியிருந்தார். சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியே வெடித்தது, ஓடவில்லை. வேறு வழியின்றிப் பட்டறைக்குத் தள்ளி வந்திருந்தார்.

மார்த்தாண்டம் டாக்சி ஸ்டாண்டின் வழக்கம் கண்டிப்பானது. பழுதென்று போன வண்டி மூன்றாம் நாள் நண்பகலுக்குள் வந்து நிற்காவிட்டால், அந்த இடம் வேறொருவருக்கு.

அன்று மூன்றாம் நாள். மணி பத்தரை.

"பிஸ்டன் எங்க நிக்குது?"

"உச்சியில."

"எந்த உச்சியில?"

"உச்சி எத்தனை உண்டு? எனக்குத் தலையில ஒண்ணுதான். அதுவும் வழுக்கை."

ஆசான் சிரிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, முதல் சிலிண்டரோட பிளக் துவாரத்தில பெருவிரலை வையுங்க."

எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியை மெல்லச் சுழற்றினார். சக்கரத்துக் குறி கோட்டுக்கு வந்தது.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்ல."

இன்னொரு முழுச் சுற்று. குறி மீண்டும் கோட்டை நெருங்கியபோது, உள்ளிருந்த காற்று விரலை உந்தித் தள்ளியது.

தாசையன் தம் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்றை அழுத்தி ஏறும் உச்சி ஒன்று, புகையை வெளியேற்றி ஏறும் உச்சி இன்னொன்று; புகையை வெளியேற்றிவிட்டு வெறுமையாக நின்ற பிஸ்டனுக்கு மூன்று நாளாகப் பொறி கொடுத்திருக்கிறார்!

சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை ஆசான் உருவி, அதன் முள் முதல் சிலிண்டரின் வயரைப் பார்க்கும்படி திருப்பிப் பூட்டினார். சோதனை விளக்கு மின்னிய இடத்தில் திருகை முடுக்கினார். இனி பிளக்குகளை மாட்டுவதுதான் பாக்கி.

மணி பதினொன்றே கால்.

"பெரிய உபகாரம், ஆசானே." தாசையன் சாவியை எடுத்தார்.

ஆசான் முடுக்கிய திருகைத் தளர்த்தினார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினார்.

"இனி நீங்க பூட்டுங்க."

"ஓய், உமக்குக் கிறுக்கா? என் இடம் போயிரும்!"

"நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்."

ஒருவர் விரலை வைத்தால் இன்னொருவர் சுழற்ற வேண்டும். பட்டறையில் வேறு ஆளில்லை. தாசையன் துவாரத்துக்கும் கைப்பிடிக்கும் இடையே இரண்டு முறை ஓடினார்; வாய்க்கு வந்தபடி ஏசினார்.

பிறகு நின்றார்.

சட்டைப்பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். இறுக்கமாக உருட்டி, முதல் துவாரத்தில் அடைத்தார்.

சுழற்றினார். குறி கோட்டுக்கு வந்தது. தாள் அசையவில்லை.

அவர் நிற்கவில்லை. மேலும் சுழற்றினார்.

டப்!

தாள் பறந்து, சாயாக் கிளாசுடன் உள்ளே வந்துகொண்டிருந்த ஆசானின் காலடியில் விழுந்தது. தாசையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. குறியைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதிலேயே கண்ணாக இருந்தார்.

ஆசான் வண்டியருகே வரவில்லை. எதையும் சோதிக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்தார். வண்டி வெளியே போக, சாலையைப் பார்த்திருந்த பெரிய கதவை இருபுறமும் அகலத் திறந்துவைத்தார்.

டிஸ்ட்ரிபியூட்டர் அப்போதும் மேசைமேல்தான் இருந்தது.