சீமைப் பாலாடை

இத்தனை காலமும் குரு பால் குடித்தது மூத்திரப் பாத்திரத்தில்.

விஷயம் வெடித்தது காலைப் பூஜை முடிந்த கையோடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரி. மடத்தைப் பார்க்க வந்த துரைசாணி ஒருத்தி, குருவின் கையிலிருந்த பீங்கானைக் கண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு.

வாங்கி வந்தவர் சீடர் நாகலிங்கம் செட்டியார். ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையின் வீட்டுச் சாமான் ஏலம். தட்டும் கிண்ணமுமாகக் குவிந்து கிடந்தது. எல்லாவற்றிலும் ரோஜாப்பூ, தங்க விளிம்பு. நடுவில் இது. படகு போல நீளம், ஒரு பக்கம் பிடி, ஒரு பக்கம் மூக்கு. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையேதான், கொஞ்சம் பெரிசு. குருவுக்கென்றே எடுத்தார். அவர் குடித்து மீதி வைக்கும் பால் பிரசாதம். அதை வேறு ஒருவரையும் தொடவிட மாட்டார் செட்டியார்.

"என்னவாம் அந்த அம்மாளுக்கு?" என்று அவளோடு மொழிபெயர்க்க வந்த துபாஷியைக் கேட்டார்.

"விடும் செட்டியாரே."

"சொல்லுமய்யா!"

"அவர்கள் கோயிலில் பிரசங்கம் நீண்டுகொண்டே போகுமாம். துரைசாணிகள் இதைப் பாவாடைக்குள் வைத்துக்கொள்வார்களாம்."

"எதற்கு?"

"எதற்கென்றால்? முட்டினால் எங்கே போவார்கள்?"



மற்றச் சீடர்கள் குளத்துக்கு ஓடினார்கள். செட்டியார் தடாலென்று விழுந்து குருவின் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி! தெரியாமல் செய்துவிட்டேன்!"

"எனக்குத் தெரியும்" என்றார் குரு.

"சாமி?"

"முதல் நாளே தெரியும். சந்நியாசத்துக்கு முன்னால் ஒரு துரைசாணி வீட்டில் வேலை. இதே மாதிரிப் பாத்திரம். தினமும் நான்தான் கொட்டிக் கழுவுவேன்."

அந்த வேலைக்கு எந்தச் சாதியாரை வைப்பார்கள் என்று செட்டியாருக்குத் தெரியும்.

அவர் கைகள் தாமாகவே கால்களை விட்டன.

குரு அந்தக் கைகளைப் பார்த்தார்.

"ஏன் சாமி சொல்லவில்லை?"

"நீ கொண்டுவந்தது பால்தானே."

பாதிப் பால் மிச்சம் இருந்தது. குரு பீங்கானைத் தரையில் வைத்தார்.

"ஆறுகிறது" என்றார்.

துரைசாணியின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. துபாஷி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளித்துத் திரும்பியவர்கள் ஈர வேட்டியோடு வாசலிலேயே நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

பாலில் ஏடு படிந்தது.

ஒரு கை நீண்டது.

பீங்கான் காலியாயிற்று. அடியில் ஒரு ரோஜாப்பூ.

குடித்தவர் செட்டியார்.