வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

ஆலங்கரடு ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். கட்டி முடித்ததும் அவர்களுக்கு ஒரு குறை தோன்றியது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் மட்டும் பார்த்தால் போதுமா? படிக்கிற டாக்டர்களும் இருந்தால்தானே கௌரவம்! மேலிடத்தில் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார்கள். டாக்டருக்குப் படித்தது போதாமல் மேலும் படிக்க ஆசைப்பட்ட மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். சவரிராயன், குணவதி, தெய்வநாயகம். மூவருக்கும் சொல்லிக் கொடுக்கப் பெரிய டாக்டர் திருவேங்கடம்.

"இங்கே யாரும் சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது. நான் சொல்றதை அப்படியே செய்யணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் அவர். மூவருக்கும் பெரிய பாரம் இறங்கியது.

"காலையில ரவுண்ட்ஸ் வரணும்" என்றார். வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். படுத்திருந்தவர்களுக்குத் தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு மருந்து கொடுத்தார்கள். இப்படியாக ஆஸ்பத்திரி குறையில்லாமல் நடந்தது.

அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. அவர் முகம் கோணினால் அனுமதி போய்விடும், மூன்று பேரும் பாதிப் படிப்போடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சவரிராயனின் அப்பா ஊரில் வீட்டு வாசலில் 'சிறப்பு மருத்துவர்' என்று ஏற்கெனவே போர்டு மாட்டியிருந்தார். அதற்கு மாலைகூடப் போட்டாயிற்று.

பார்வையிடும் நாள் காலை பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். ஜன்னலோரக் கட்டிலில் அடைக்கலம் படுத்திருந்தார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர். குடலிறக்க ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போகக் காத்திருந்தார்.

"இவருக்கு வெறும் வயித்துல இந்த மாத்திரையைப் போடுங்க. அப்புறம் தையலைப் பிரிச்சிடுங்க. நான் வீட்டுக்குப் போய் கறுப்புக் கோட்டு மாட்டிட்டு ஓடி வந்துடறேன். வர்றவரை நல்லா கவனிங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சவரிராயன் அடைக்கலத்தின் சட்டையை மேலே தூக்கினான். வயிறு வெறுமையாக இருந்தது. நடுவில் மாத்திரையை வைத்தான். அது உருண்டு மெத்தையில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

"மூச்சு விடுறார், அதனாலதான் விழுது" என்றாள் குணவதி.

"ஐயா, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றான் சவரிராயன்.

அடைக்கலம் பிடித்தார். மாத்திரை அசையாமல் நின்றது. மூவரும் பெருமையோடு பார்த்தார்கள். அடைக்கலத்தின் முகம் மெல்லச் சிவந்தது.

"எப்ப விடச் சொல்றது?" என்று கேட்டான் தெய்வநாயகம்.

"மூச்சை விடச் சொல்லி சார் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் குணவதி.

"பிடிக்கவும் அவர் சொல்லலை. நாமதான் சொன்னோம்" என்றான் சவரிராயன் கவலையோடு.

"அப்போ நாம சொந்த மூளையை உபயோகிச்சிட்டோமா?"

மூவரும் திடுக்கிட்டுப் போனார்கள். இந்தத் தப்பை எப்படி மறைப்பது என்று தெய்வநாயகம் கட்டிலருகே குனிந்து, வாயைப் பிளந்தபடி யோசித்தான். அதற்குமேல் அடைக்கலத்தால் தாங்க முடியவில்லை. 'புஸ்' என்று மூச்சு வெடித்தது, வயிறு எகிறியது, மாத்திரை பறந்துபோய்த் தெய்வநாயகத்தின் வாய்க்குள் விழுந்தது. அவன் விழுங்கிவிட்டான்.

சவரிராயன் அவன் வாயைத் திறந்து எட்டிப் பார்த்தான். மாத்திரை இல்லை.

"மருந்து சாப்பிட்டவர் யாரோ அவர்தானே நோயாளி?" என்றாள் குணவதி.

மறுக்க வழியில்லை. அடைக்கலம் எழுந்து இடம் விட்டார். தெய்வநாயகம் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தான். படுத்ததும் உடம்புக்கு ஒரு மாதிரியாக இருப்பதாகச் சொன்னான்.

அடுத்து, தையல். குணவதி கத்தரிக்கோல் கொண்டுவந்து அடைக்கலத்தின் சட்டைத் தோளில் ஆரம்பித்தாள்.

"அம்மா, அம்மா! இது புதுச் சட்டை! தச்சு ஒரு மாசம்கூட ஆகலை!"

"ஒரு மாசமா?" சவரிராயன் பதறிப்போனான். "இத்தனை நாள் தையலை விட்டுவைக்கலாமா, ஐயா? சீழ் பிடிச்சிடாதா?"

இரண்டு கை, முன்பக்கம், பின்பக்கம், காலர் என்று சட்டை தனித்தனியாக மேஜைமேல் கிடந்தது. "வலிச்சுதா?" என்று கேட்டான் சவரிராயன். வலிக்கவில்லை என்று அடைக்கலம் ஒப்புக்கொண்டார். வெற்றுடம்போடு நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், தெய்வநாயகத்தின் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார்கள். அவருக்கு அது எடுப்பாகவே இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மேலிடத்து அதிகாரி டாக்டர் கோதண்டபாணி உள்ளே நுழைந்தார்.

"வர்றவரை நல்லா கவனிக்கச் சொல்லியிருக்கார்" என்று குணவதி காதோடு சொன்னாள். "வந்துட்டார். கவனி."

சவரிராயன் கண் இமைக்காமல் அதிகாரியின் மூக்கைக் கவனித்தான். குணவதி பின்னால் நின்று பிடரியைக் கவனித்தாள். அவர் நகர்ந்தால் கூடவே நகர்ந்தார்கள். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ விதமாகக் கவனிக்கப்பட்டவர் அவர். இப்படி ஒரு கவனிப்பை அவர் கண்டதில்லை. தப்பித்தால் போதும் என்று, இருந்ததிலேயே வயதில் மூத்த வெள்ளைக் கோட்டுக்காரரிடம் போனார்.

"நீங்க எதுல இருக்கீங்க?"

"குடலிறக்கமுங்க" என்றார் அடைக்கலம்.

"எத்தனை வருஷ அனுபவம்?"

"மூணு வருஷமா அனுபவிச்சிட்டுத்தான் இருக்கேன். நான் படாததா!"

"ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போறதுண்டா?"

"போன வாரம்கூட உள்ளதாங்க இருந்தேன். மத்தவங்க நடுவுல வெளிய போனாங்க, வந்தாங்க. முடியுற வரைக்கும் நான் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லீங்க."

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. "இப்படிப்பட்டவர் இருக்கிற இடத்துல பயிற்சியை நிறுத்தினா அது பாவம். அனுமதி நீடிக்கும்" என்றார். சவரிராயனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பெரிய டாக்டர் ஓடி வந்துவிடுகிறேன் என்று சொன்னபடியே ஓடித்தான் வந்தார். வண்டி வழியில் நின்றுவிட்டதாம். கோட்டெல்லாம் வியர்வை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"இப்ப வர்றவர் இவர்தானே?" என்றாள் குணவதி. "அப்போ இவரையும் கவனிக்கணும்."

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் அவரை உட்காரவைத்தார்கள். ஏதோ சொல்லப் பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். குணவதி தெர்மாமீட்டரை வைத்தாள். தெர்மாமீட்டர் வாயில் இருக்கும்போது பேசவே கூடாது என்பது அவர் நடத்திய பாடம். சொன்னதை மீறுகிற பழக்கம் அவருக்கும் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

"இவருக்கு என்ன டாக்டர்?" என்று அதிகாரி அடைக்கலத்திடம் கேட்டார்.

"பாரம் தூக்கினா இப்படித்தான் இரைக்கும். வீட்டுல போய்க் கொஞ்சம் கஞ்சி குடிச்சாச் சரியாப் போயிடும்."

"கேட்டீங்களா? இதான் வைத்தியம்! எதுக்கெடுத்தாலும் படுக்கவைக்கக் கூடாது. இவரை வீட்டுக்கு அனுப்புங்க" என்று சவரிராயனிடம் சொல்லிவிட்டு, அதிகாரி அடைக்கலத்தின் கையைப் பிடித்து விருந்துச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பக்கம் அவர்கள் போக, இந்தப் பக்கம் ஓர் அம்மாள் வந்தாள். அடைக்கலத்தின் மனைவி செல்லக்கிளி.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போகலாம்னு சொன்னாங்க. ஆட்டோ நிக்குது" என்றாள்.

வீட்டுக்கு அனுப்ப ஓர் ஆள் தயாராக இருக்கிறார், கூட்டிப் போகவும் ஆள் வந்தாயிற்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சவரிராயன் நாற்காலியை வாசல்வரை தள்ளிப்போய்ப் பெரிய டாக்டரைப் பத்திரமாக ஆட்டோவில் ஏற்றினான்.

செல்லக்கிளி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள். "ஐயையோ, இவர் என் வீட்டுக்காரர் இல்லீங்களே! அவருக்குத் தலை நிறைய முடி இருக்கும்! கண்ணாடியெல்லாம் போடமாட்டார்!"

பெரிய டாக்டரும் தெர்மாமீட்டரோடு 'ஆமாம், ஆமாம்' என்று பலமாகத் தலையாட்டினார்.

நோயாளியின் உறவினரிடம் கனிவாகப் பேச வேண்டும் என்று சவரிராயனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் கனிந்த குரலில் சொன்னான்:

"பயப்படாதீங்கம்மா. ஆபரேஷன் ஆனவங்க கொஞ்ச நாளைக்கு ஆளே மாறின மாதிரிதான் தெரிவாங்க. வீட்டுச் சாப்பாடு உள்ள போச்சுன்னா பழையபடி உங்க வீட்டுக்காரர் ஆயிடுவார்."